இயக்குநீரும் இதயமும்

அலங்காநல்லூர் வாடிவாசலிலிருந்து காளை பாய்வதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வேளையில் அதன் சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் இயக்குநீரைக் குருதியில் கலக்கின்றன. துடிப்பு விரைகிறது, குருதியழுத்தம் ஏறுகிறது. காளை தொழுவம் திரும்பி இளைப்பாறினால் இரண்டும் தணியும்.

தணியாத அழுத்தமே கேடு. ஆய்வுக்கூட எலிகளுக்கு ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரையும் உப்பையும் தொடர்ந்து அளித்தபோது அழுத்தம் உயர்ந்ததோடு இதயத் தசையில் நார்த்திசுவும் படர்ந்தது. மிகை அழுத்தத்தை எதிர்த்து ஓயாது உழைக்கும் இடக் கீழறையின் சுவர் தடித்து, விறைத்து, நாளடைவில் தளர்கிறது. மனிதர்க்கும் இதுவே. தலைசுற்றல் இல்லையே என்று மாத்திரையை நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! சுவர் தடிப்பதோ வலியின்றி நடப்பது.

இவ்வழுத்தத்தை அடக்கும் மருந்துகளுள் முன்னோடியான ரெசர்பின், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டுள்ள நார்அட்ரினலினை அது வறளச் செய்கிறது; பக்கவிளைவுகளால் இன்று அருகியே வழங்குகிறது. அதற்கு முன்பே, 1931இல், தில்லி திப்பியா கல்லூரியின் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதே வேரிலிருந்து பிரித்த வேறொரு பொருளுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். மறைந்திருக்கும் துடிப்புக் கோளாறு ஒன்றை வெளிப்படுத்த, மருத்துவர்கள் அதனை இன்றும் ஊசிவழி ஏற்றுகின்றனர்.