புரியாத மொழிப் படத்திற்குப் பாட்டியையும் அழைத்துப் போகலாமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பாசிர் கூடாங் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, "எந்தப் படத்திற்குப் போகலாம்?" என்பதுதான். அப்பாவுக்குத் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ஷிப்ட் வேலை. அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவராக இருந்தால், வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பதே அரிது. அப்படிக் கிடைத்த நாளில் ஜொகூர் பாரு பக்கம் ஒரு பேரங்காடிக்குக் காரை விடுகிறோம். தமிழ்ப் படம் என்றால் பேச்சே இல்லை. படிவம் நான்கில் படிக்கும் மகள், "இந்த முறை ஜப்பானியப் படம்" என்று சொன்னால்தான் சிக்கல். "எனக்கு என்னம்மா புரியப் போகுது? நீங்க போயிட்டு வாங்க" என்று பாட்டி ஒதுங்கிக்கொள்வார்.

மாணவர்களே, பாட்டி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடலாமா? சற்று யோசித்துப் பார்ப்போம்.

நீரிணைக்கு அப்பால் நடந்த கதை

பாசிர் கூடாங்கிற்கு எதிர்க்கரை சிங்கப்பூர். 1996-இல் அங்கு வந்திருந்த ஜப்பானியத் திரை விமர்சகர் ஜுன் எடோகி, ஒரு திரையரங்கில் தமிழ்ப் படம் ஒன்றைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வசனம் புரியாமலேயே படம் அவருக்குப் பிடித்துப் போனது. அதன் வட்டை வாங்கிச் சென்று, ஜப்பானில் உள்ள விநியோக நிறுவனத்திடம் போட்டுக் காட்டினார். அந்தப் படம், கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து 1995-இல் வெளிவந்த 'முத்து'.

1998-இல் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் அப்போது இருந்த 'சினிமா ரைஸ்' திரையரங்கில் அது திரையிடப்பட்டது. அந்த ஒரே அரங்கில் 23 வாரங்கள் ஓடியது. நமக்குத் தாய்மொழிப் படம்; ஜப்பானியருக்கோ அது முழுக்க முழுக்க அயல்மொழிப் படம். அந்த 'முத்து'வும் 1994-இல் வந்த 'தேன்மாவின் கொம்பத்து' என்ற மலையாளப் படத்தின் தழுவல்தான். ஒரு கதை மலையாளத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஜப்பானுக்கும் பயணம் செய்திருக்கிறது.

நம் நாட்டுத் திரை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். ஒரு தமிழர் மலாய்ப் படம் எடுத்து மலாய் ரசிகர்களைக் கவர முடிந்தது என்றால், முகபாவம், இசை, சிரிப்பு, அழுகை ஆகியவற்றுக்கு மொழி பெரிய தடையில்லை என்றுதானே பொருள்!

இரண்டு வரிகள் செய்யும் வேலை

ஆனாலும் வசனம் முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் திரையின் அடியில் மொழிபெயர்ப்பு வரிகள் ஓடுகின்றன. இந்த வரிகளை எழுதுவது தனிக் கலை. பொதுவாக ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் காட்டமாட்டார்கள். ஒரு வரிக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்துகள்தான் இடம். ஆறேழு விநாடிகளுக்குள் படித்து முடிக்க வேண்டும். நடிகர் பத்துச் சொற்கள் பேசினால், மொழிபெயர்ப்பாளர் ஐந்து சொற்களில் சாரத்தைத் தர வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்பதே அவருக்குள்ள சோதனை. தேர்வில் சுருக்கி எழுதும் மாணவருக்கு இந்தச் சோதனை புதிதல்ல.

நம் திரையரங்குகளில் அயல்மொழிப் படங்களுக்கு மலாய் வரிகள் வரும். பல படங்களுக்கு ஆங்கிலம் அல்லது சீன வரிகளும் சேர்ந்து வரும். தமிழ் வரிகள் பொதுவாக வருவதில்லை. உங்களுக்கு இது நல்ல மொழிப் பயிற்சி. ஆனால், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்ட பாட்டிக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கும் அலமாரி. அவர் ஒதுங்குவதற்குக் காரணம் விருப்பமின்மை அன்று; அந்த இரண்டு வரிகள்தாம்.

கதை சொல்லும் பொறுப்பு யாருக்கு?

அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. பாட்டிக்குக் கதையைத் தமிழில் சொல்லுங்கள்.

சொல்வது எளிது, செய்து பாருங்கள். மலாய் வரியைப் படித்ததும் நமக்குப் புரிந்துவிடும். புரிந்ததை நல்ல தமிழில் சொல்ல முயன்றால் நாக்கு தடுமாறும். "அவன் கெச்சேவா ஆயிட்டான், பாட்டி" என்று தொடங்கி, 'ஏமாற்றம்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்போம். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், கைப்பேசியில் கலப்பு மொழியும் பேசிப் பழகிய நமக்கு, வீட்டுத் தமிழ் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது அப்போது தெரியவரும். இழப்பு பாட்டிக்கு மட்டுமன்று. பேரப்பிள்ளைகளின் உலகத்தில் நடப்பதை அவரிடம் சொல்லச் சொல் இல்லாமல் போனால், அவர் உலகத்தில் நடந்ததைக் கேட்டு வாங்கவும் நமக்குச் சொல் இருக்காது.

அதற்காக, இருட்டில் படம் முழுக்கக் காதில் கிசுகிசுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்களும் பணம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். போகும் வழியில் காரிலேயே கதையின் தொடக்கத்தைச் சொல்லுங்கள். யார் யாருக்கு என்ன உறவு, அவர்களின் பெயர் என்ன, சிக்கல் எங்கே தொடங்குகிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். மீதியைக் கண்ணும் காதும் பார்த்துக்கொள்ளும். படம் முடிந்து சாப்பிட உட்காரும்போது பாட்டியைக் கதை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வரிகளைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் முகங்களைப் பார்த்திருப்பார். நீங்கள் கவனிக்காத ஒன்றை அவர் சொல்லக்கூடும்.

எந்தப் படத்தில் தொடங்குவது?

வசனம் குறைவாகவும் உறவு அழுத்தமாகவும் உள்ள படமே முதல் முறைக்கு ஏற்றது. ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) நல்ல எடுத்துக்காட்டு. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் காலணியை அவளோடு பகிர்ந்துகொண்டு பள்ளிக்குப் போகிறான். கதை இவ்வளவுதான். ஏழ்மையை அறிந்த எந்தப் பாட்டிக்கும் பாரசீக மொழி தெரிய வேண்டியதில்லை. இதே கதையைச் சிங்கப்பூரில் 1965-ஆம் ஆண்டுச் சூழலில் 'ஹோம் ரன்' (2003) என்றும், தமிழில் 'அக்கா குருவி' (2022) என்றும் எடுத்தார்கள். இத்தகைய படங்களை முதலில் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டு, பிறகு திரையரங்கிற்குப் போகலாம். தம்பி தங்கைகள் உடன் வந்தால், நுழைவுச்சீட்டு வாங்கும் முன் தணிக்கை வாரியம் வழங்கிய வயது வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாகப் படிக்கத் தெரியாத சிறுவர்களுக்கும் பாட்டிக்குச் சொல்லும் அதே கதைச் சுருக்கம் உதவும்.

அயல் என்பது யாருக்கு?

ஆஸ்கார் விருதில் நெடுங்காலம் 'சிறந்த அயல்மொழிப் படம்' என்றொரு பிரிவு இருந்தது. 'அயல்' என்ற சொல் இக்காலத்துக்குப் பொருந்தாது என்று கருதி, 2020-ஆம் ஆண்டு விழா முதல் 'சிறந்த பன்னாட்டுப் படம்' என்று பெயரை மாற்றினார்கள். அந்த விழாவில்தான் 'பாரசைட்' என்ற கொரியப் படம், ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுக்கப்பட்டுச் சிறந்த படத்துக்கான முதன்மை விருதை வென்ற முதல் படமானது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத உள்நாட்டுப் படங்களைத் தனிப் பிரிவில் வைத்தது பெரும் விவாதமானது. இறுதியில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது, ஷான்ஜெய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற தமிழ்ப் படம். 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் நாவில் மாறிய வடிவமே அந்தப் பெயர். இம்மண்ணில் பேசப்படும் தமிழ், இந்நாட்டுக்கு அயல் அன்று என்பதை அந்த விருது உறுதிப்படுத்தியது.

நம் வகுப்பில் உள்ள மலாய், சீன நண்பர்களுக்குத் தமிழ்ப் படமும் புரியாத மொழிப் படம்தான். அவர்களுக்கும் மலாய் வரிகள் துணைக்கு இருக்கின்றன. அடுத்த தமிழ்ப் படத்திற்கு ஒருவரை அழைத்துப் பாருங்கள். அதற்கு முன், பாட்டிக்கும் சேர்த்து ஒரு நுழைவுச்சீட்டு வாங்குங்கள்.