படகு சாயும் வேளையில்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்து வாழும் நம்மவருள் பலர் ஆற்றையும் காயலையும் கடலையும் படகேறிக் கடக்கின்றனர். மும்பையிலிருந்து எலிபெண்டா தீவுக்கும், கொல்கத்தாவில் ஹூக்ளி நதியின் மறுகரைக்கும், ஆலப்புழையில் காயலோரச் சிற்றூர்களுக்கும் செல்வோர் படகைப் பேருந்தைப் போலவே கருதிவிடுகின்றனர். அபாயம் அங்கேதான் தொடங்குகிறது. பேருந்தில் எழுந்து நின்றாலும், ஒரு பக்கமாக நகர்ந்தாலும் அதன் சக்கரங்கள் தரையிலேயே ஊன்றி நிற்கும். படகுக்கு அத்தகைய பிடிமானம் ஏதுமில்லை.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடியில், பெரியாறு ஏரியில் இரண்டு தட்டுகள் கொண்ட ‘ஜலகன்யகா’ என்னும் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒருபுறமாகத் திரண்டது காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. படகின் அமைப்பிலேயே குறை இருந்ததாகவும் கூறப்பட்டது. குறையுள்ள படகை நம்மால் திருத்த இயலாது. ஆயினும் நமது உடலின் பாரத்தை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

பாரம் தாழ்ந்து நடுவில் இருக்குமளவும், சற்றே சாய்ந்த படகு தானாக நிமிரும். பாரம் மேல்தட்டுக்கு ஏறினாலோ ஓரத்துக்கு நகர்ந்தாலோ நிமிரும் ஆற்றல் குன்றிவிடும். படகு சாய்கையில் அஞ்சி எதிர்ப்புறம் ஓடுவது இன்னும் கேடு. படகு அப்பக்கம் முன்னிலும் வேகமாகச் சாயும். அவ்வேளையில் இருந்த இடத்திலேயே தாழ்ந்து அமர்வதே உற்ற உபாயம்.

அமருமாறு படகோட்டி கூவுவான். அவன் கூவுவது தமிழில் அன்று. மலையாளத்தில் ‘இரிக்கூ’ என்பான். அது நம் செவிக்கு ‘இருக்கு’ என்று ஒலித்து ஏமாற்றவும் கூடும். இந்தியில் ‘பைட்டோ’, மராத்தியில் ‘பஸா’, வங்காளியில் ‘போஷுன்’, தெலுங்கில் ‘கூர்ச்சோண்டி’. நாம் குடியேறிய நாட்டின் மொழியில் வேறு எச்சொல்லை மறந்தாலும் இவ்வொரு சொல்லை மறவாதிருப்போமாக. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் படகேறும் முன் அதைச் சொல்லி வைப்பது நன்று.

லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டையை ஆசனத்தின் கீழே வைத்திருப்பதால் பயனில்லை. நீரில் விழுந்தபின் அதை அணிவது மிகக் கடினம். ஏறும்போதே அணிந்து, பட்டைகளை இறுக்கிக் கட்டவேண்டும். தளர்ந்த சட்டை நீரில் மேலேறி முகத்தை மூடும். குழந்தைக்குப் பெரியவர் சட்டை ஆகாது. சேலை உடுத்தியவர் தலைப்பைச் செருகிக்கொள்வது நலம்.

எங்கே அமர்வது என்பதும் முக்கியமே. 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோது, உள்ளே அகப்பட்டு வெளிவர இயலாதவர் பலர். கண்ணாடி அடைத்த அறையினுள் மிதவைச் சட்டையே நம்மைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிடும். ஆகவே திறந்த பக்கத்துக்கு அண்மையிலேயே இடம் தேடுவோம். உள்ளே சிக்கிக்கொண்டால், நிலைத்த பொருள் ஒன்றைப் பற்றி, புரளுதல் நின்றதும் அப்பிடியை வழிகாட்டியாகக் கொண்டு வாயிலை நோக்கி நகரவேண்டும். சட்டை மேலே இழுத்துத் தடுத்தால் அதைக் கழற்றிவிட்டேனும் வெளியேறுக.

வெளிவந்தபின் பலரும் கரையை நோக்கி நீந்த முனைகின்றனர். இதை நாம் வன்மையாகத் தடுக்க விரும்புகிறோம். நீரின்மேல் பார்க்கையில் கரை அருகிருப்பதுபோல் தோன்றும். நன்கு நீந்துவோரும் பாதி வழியில் சோர்வர். மரப்படகு கவிழ்ந்தும் பெரும்பாலும் மிதக்கும். அதைப் பற்றிக்கொண்டிருப்பவரைக் காப்போர் எளிதில் காண்பர். தனித் தலையொன்றை அலைகளிடையே காண்பது அரிது. படகு மூழ்குவதாயின் மட்டும் சற்று விலகி, மிதக்கும் பலகையையோ, மூடியிட்ட வெற்றுக் குடத்தையோ பற்றலாம். தலையை நீருக்கு மேல் நிறுத்தச் சில கிலோ தாங்குதிறனே போதும். ஏதும் அகப்படாவிடின், காதுகள் நீரில் அமிழ, முகம் வானை நோக்க, மல்லாந்து மிதக்க வேண்டும். ஆற்று நீரோட்டம் இழுத்துச் சென்றால் கால்களை முன்னே நீட்டிக்கொள்க. பாறை வந்தால் கால்களே முதலில் முட்டட்டும். பெட்டியையும் பையையும் விட்டுவிடுவதே தகும். அவற்றில் ஓராண்டுச் சம்பாத்தியம் இருந்தாலும் சரியே.

மூழ்குவோரிடம் நீந்திச் சென்று கைகொடுப்பவர் அவரோடு சேர்ந்தே அமிழ்வதுண்டு. கயிற்றையோ கழியையோ துண்டையோ நீட்டுக. உதவிக்கு 112 என்னும் எண்ணும், கடலாயின் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணும் உள்ளன. கரையேற்றப்பட்டவர் மூச்சின்றிக் கிடந்தால், தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் வீண் காலதாமதமே. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாக, மருத்துவ உதவி வரும்வரை நிறுத்தாது செய்யவேண்டும். இருமியவாறு எழுந்து அமர்ந்தவரையும் அன்றே மருத்துவரிடம் காட்டுக; நீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரக்கூடும்.