முதுமலையில் தங்குமிடம் தேடுவோர் கவனத்துக்கு

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும், அம்பத்தூர் எஸ்டேட்டின் தேநீர்க் கடைகளிலும், பூவிருந்தவல்லியின் புதிய அடுக்குமாடிகளிலும் பலர் வாயில் அடிபடுவது முதுமலைப் பிரயாணம்தான். நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் அமர்த்துவதா, சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்குவதா என்பது வாரக்கணக்கில் ஆலோசிக்கப்படுகிறது. போய்ச் சேர்ந்தபின் எங்கே படுத்துறங்குவது என்பது மட்டும், கைப்பேசியில் கண்ட ஒரு படத்தை நம்பி ஐந்து நிமிஷத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

என் அடுத்த வீட்டு நண்பரும் அப்படித்தான் தீர்மானித்தார். மசினகுடிப் பக்கத்துக் காட்டேஜ் ஒன்றின் விளம்பரத்தில், யானை வராந்தாவுக்கே வரும், ராத்திரி கேம்ப் ஃபயர் உண்டு, நைட் சஃபாரி உண்டு என்று இருந்தது. அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, குழந்தைகளோடு போய் இறங்கியபோது, படத்தில் கண்ட வீட்டுக்கும் திறந்துவிட்ட அறைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு மரியாதையான பதிலும் இல்லை.

அவருக்கு நேர்ந்த நஷ்டம் எனக்கு வருத்தந்தான். ஆயினும் அதைவிட அதிகமாக என்னைக் கலக்கியது அந்த விளம்பரத்தின் வாசகமே. யானை வராந்தாவுக்கு வருகிறதென்றால், அந்த வராந்தா யானையின் பாதையில் கட்டப்பட்டது என்று பொருள். அல்லது உப்போ பழமோ வைத்து அதை வரவழைக்கிறார்கள் என்று பொருள். கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளையும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளையும் இணைக்கும் சிகூர்ப் பீடபூமியில், மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களை ஒட்டி, தலைமுறை தலைமுறையாக யானைகள் நடந்துவந்த வழித்தடம் இருக்கிறது. 2010-இல் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அதை ஆதரித்தது. விடுதிக்காரர்கள் தொடுத்த மேல்முறையீட்டில், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்து, தனிப்பட்டோர் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவும் அமைத்தது. அதற்கு முன்பே, 2018 ஆகஸ்டில், அங்கே பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன.

அந்தத் தீர்ப்பு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தபோது, 2021 ஜனவரியில், மசினகுடி அருகே உரிமம் இல்லாத ஒரு தங்கும் விடுதியை நெருங்கிவந்த ஆண் யானையின் மீது, உள்ளிருந்தவர்கள் எரியும் டயரை எறிந்தார்கள். தீ அதன் காதிலே பற்றிக்கொள்ள, தலையில் நெருப்போடு அது இருளுக்குள் ஓடுகிற காட்சியை நாடே கைப்பேசியில் கண்டது. சிகிச்சைக்குத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே அது இறந்தது. அதே மாதத்தில் வயநாட்டின் மேப்பாடியில், உரிமம் பெறாத கூடார விடுதி ஒன்றில் தங்கியிருந்த இருபத்தாறு வயதுப் பெண், இரவில் யானை தாக்கி உயிரிழந்தார். ஆகவே உரிமம் என்பது சுவரில் மாட்டுகிற வெற்றுக் காகிதமன்று. நம் குழந்தைகள் நிம்மதியாக உறங்கும் இடமா என்பதை அரசாங்கம் ஒருமுறையேனும் பார்த்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அது.

நேரான விடுதி வேறு விதத்திலும் காப்பாற்றும். 2018 அக்டோபரில், சென்னையிலிருந்து காரில் சென்ற எழுவர், கல்லட்டி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து, வெளியுலகம் அறியாமலே கிடந்தார்கள். சென்றவர்கள் திரும்பவில்லை என்று அவர்கள் தங்கியிருந்த ஊட்டி விடுதியினர் காவல்துறைக்குத் தெரிவித்த பின்னரே தேடுதல் தொடங்கி, ஐவர் இறந்துபோயிருந்தபோதிலும், இருவர் உயிரோடு மீட்கப்பட்டனர். வந்தவர் பெயரையும் போகுமிடத்தையும் பதிவேட்டில் எழுதாத விடுதியில் யார் தேடுவார்?

பணம் அனுப்புமுன் உள்ளாட்சி உரிமத்தின் நகலைக் கேளுங்கள். உணவு தருவதாகச் சொன்னால், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணையும் கேளுங்கள். தனியார் ஜீப்பில் இரவில் காட்டுக்குள் அழைத்துப்போவதாகச் சொல்லும் இடத்தை உடனே விலக்குங்கள். அனுமதியின்றிச் சரணாலயத்துள் நுழைவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஜீப்பில் உட்கார்ந்திருந்தவரும் அதில் சேர்த்தி. வனத்துறைக்கே தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் ஓய்வில்லங்கள் இருக்கின்றன; இணையத்தில் முன்பதிவு செய்யலாம். நீலகிரிக்குச் செல்லும் வாகனத்துக்கு இ-பாஸ் அவசியம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால், வழக்காட ஊட்டிவரை போக வேண்டுமே என்று அஞ்சிப் பேசாதிருப்பவர்களே மிகுதி. அந்த அச்சம் தேவையில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க உரிமை தருகிறது. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இருப்பவர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்துக்கும், அம்பத்தூரில் இருப்பவர் சென்னை ஆணையத்துக்கும் செல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் தொடுத்தால் போதும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம். விடுதியே இல்லாமல் பொய் இணையதளம் வைத்துப் பணம் பறித்திருந்தால், தாமதமின்றி இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க அதுவே வழி.

என் நண்பரிடம் ரசீது இல்லை. பணம் அனுப்பியதற்கான கைப்பேசிப் பதிவும், அந்த விளம்பரத்தின் படமும், அறையின் தாழ்ப்பாளில்லாத கதவை அவருடைய மகள் எடுத்த புகைப்படமும் இருந்தன. மூன்றையும் அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கி, புகார் மனுவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருவருமாக எழுதினோம்.