கப்பலேறிய பாட்டனும் கரையில் நின்ற பங்காளியும்

தேடல் பெரும்பாலும் ஒரே ஒரு பெயரில்தான் தொடங்குகிறது. அதுவும் பாதிப் பெயர். அமெரிக்காவில் 'ஜோ'வாக இறந்துபோன தாத்தா, கப்பலேறும்போது 'ஜுசெப்பே'. எந்த ஊர் என்று கேட்டால், "நேப்பிள்ஸ் பக்கம்" என்பதோடு குடும்பத்தின் ஞாபகம் நின்றுவிடும். நேப்பிள்ஸ் அவர் கப்பலேறிய துறைமுகம். பிறந்ததோ வெகுதொலைவில் ஒரு மலைக்கிராமத்தில்.

1876க்கும் 1915க்கும் இடையே இத்தாலியை விட்டுப் புறப்பட்டவர்கள் சுமார் 1.4 கோடிப் பேர். வறுமை துரத்த, அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் என்று சிதறினார்கள். பலர் திரும்பினார்கள். தங்கிவிட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள்தான் இன்று அறுந்த நூலைத் தேடுகிறார்கள்.

எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது பல குடும்பங்கள் நம்பும் கதை. உண்மையில் பயணிகள் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பாட்டன்மார்களேதான்.

ஊர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தில் 1809லேயே பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு தொடங்கிவிட்டது. ஒன்றுபட்ட இத்தாலியில் 1866ல். அதற்கும் முந்தைய தலைமுறைகளுக்கு மாதா கோயில் பதிவேடுகள் உண்டு. பிறந்த குழந்தையைத் தகப்பன் ஊர் அலுவலகத்துக்குத் தூக்கிவந்து காட்ட வேண்டும். அவன் வயது, தொழில், சாட்சிகளின் பெயர் எல்லாம் ஏட்டில் ஏறும். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பல சமயம் 'எழுதத் தெரியாதவர்' என்ற குறிப்பு.

புதையல், திருமணக் கோப்பின் இணைப்புகளில் இருக்கிறது. மணமகனின் அப்பா உயிரோடு இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றோடு தாத்தாவின் இறப்புச் சான்றும் சேர்ந்திருக்கும். ஒரே கோப்பில் மூன்று தலைமுறை! பெண்களுக்கோ கல்யாணத்துக்குப் பிறகும் ஆவணத்தில் பிறந்த வீட்டுப் பெயர்தான். ஆகவே தாய்வழியும் தொலைவதில்லை.

தலைவலியும் உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது அங்கே வழக்கம். 'பேரன்' என்று சொல்லியே பழகிய தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து சகோதரர்களும் தலைப்பிள்ளைக்கு ஒரே பெயரை வைத்தால்? ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஐந்து ஜுசெப்பேக்கள்.

சில இடங்களில் ஊரே பெயர்ந்திருக்கிறது. புலியா மாநிலத்தின் ரொசெத்தோ வல்ஃபொர்த்தோரே கிராமத்திலிருந்து 1882 முதல் கிளம்பியவர்கள், பென்சில்வேனியாவின் ஸ்லேட் கல் குவாரிகளில் உழைத்து இன்னொரு ரொசெத்தோவை எழுப்பினார்கள். 1912ல் அது தனி நகராட்சி. 1960களில் அங்கே மாரடைப்பு மரணங்கள் குறைவாக இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், நெருக்கமான உறவு வாழ்க்கையே காரணம் என்று கருதினார்கள். அந்த வாழ்க்கை தளர்ந்தபின் வித்தியாசமும் மறைந்தது.

2011ல் இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் 'அந்தெனாத்தி' என்ற இணையதளத்தைத் தொடங்கின. பதிவேட்டுப் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். 2024ஐ 'வேர்களின் ஆண்டு' என்று அறிவித்து, புலம்பெயர்ந்தோர் வாரிசுகளை இத்தாலி வருந்தி அழைத்தது. ஆனால் மறு ஆண்டே, தலைமுறை வரம்பில்லாமல் இருந்த வம்சாவளிக் குடியுரிமைக்குப் பூட்டு விழுந்தது. வெளிநாட்டில் பிறந்த வாரிசுகளுக்குப் பொதுவாகப் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியோடு கோடு முடிகிறது. கொள்ளுப்பாட்டனைக் கண்டுபிடித்தவருக்குக் காகிதம் உண்டு, பாஸ்போர்ட் இல்லை.

மிஞ்சுவது உறவு. அதிலும் ஒரு சிக்கல். தாத்தா பெயரிலேயே பாகம் பிரிக்காமல் கிடக்கும் பழைய வீடுகள் இத்தாலிய கிராமங்களில் ஏராளம். கடல் கடந்து திடீரென்று வரும் கடிதம், 'பங்கு கேட்க வந்த பங்காளியோ' என்று பயமுறுத்தலாம். எனவே முதல் கடிதத்தில் வீடு, நிலம் பற்றி மூச்சு விடாமல் இருப்பதே உத்தமம். கூடவே ஒரு பழைய புகைப்படத்தின் பிரதி. பாட்டன் அன்று ஊருக்கு அனுப்பிவைத்த அதே படம், அந்த வீட்டு மேஜை இழுப்பறையிலும் யார் என்று தெரியாமலே காத்துக்கொண்டிருக்கலாம்.