ஊசியும் ஊர்வாயும் – 9: கல்வி விரும்பன் எழுதிய கடிதம்

தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு எதிராக 2017-இல் தமிழ்நாட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் கொல்கத்தாவின் கஸ்பாவில் 2021-இல் நடந்த போலித் தடுப்பூசி முகாமைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்கதையாக அந்த ஊரின் பழைய தடுப்பூசி வரலாற்றில் நாலு வரி சேர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 1804-இல் கல்கத்தாவில் அச்சான ஓர் அறிக்கை என்னைப் பிடித்துக்கொண்டது. அது நேராகச் சென்னையில் கொண்டுவந்து நிறுத்தியது. கஸ்பா கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அறிக்கையை எழுதியவர் ஜான் ஷூல்பிரெட். வங்காளத்தில் அம்மை குத்தும் பணிக்குப் பொறுப்பாக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். பெரியம்மைக்கு மாட்டம்மைதான் தடுப்பு என்று ஆங்கில மருத்துவர் ஜென்னர் புத்தகம் போட்டது 1798-இல். இந்தியாவில் அது முதன்முதலில் பலித்தது 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில், மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையில். குளிர்பெட்டி இல்லாத காலம். வெயிலில் அம்மைப்பால் கெட்டுவிடும். ஒரு பிள்ளையின் கையில் குத்தி, ஏறக்குறைய எட்டாம் நாள் கொப்புளம் திரண்டதும் அதிலிருந்து நீர் எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவார்கள். அது ஆறுவதற்குள் இன்னொரு பிள்ளை. கை விட்டுக் கை மாறித்தான் மருந்து ஊர் ஊராகப் போயிற்று. சென்னையிலிருந்து கப்பலேறிய சிறுவர்களின் கையில்தான் அது 1802 நவம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு கை பலிக்காமல் போயிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

மருந்து வந்துவிட்டது, ஆனால் வங்காளத்தில் அதற்கான இடம் காலியாக இல்லை. அங்கே டீக்காதார்கள் இருந்தார்கள். பெரியம்மைக் கொப்புளத்துச் சீழையே பதப்படுத்தி, சிறு அளவில் கையில் கீறி ஏற்றும் பரம்பரை வைத்தியர்கள். ஹோல்வெல் என்ற கம்பெனி அதிகாரி 1767-இல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிருந்தாவனம், அலகாபாத், காசி ஆகிய இடங்களிலிருந்து மூன்று நான்கு பேராகக் கிளம்பி, அம்மைப் பருவம் தொடங்குமுன் வந்துவிடுவார்கள். முந்தைய ஆண்டு எடுத்துவைத்த சீழைத்தான் பயன்படுத்துவார்கள். கங்கைநீர் தெளித்த பஞ்சு, தலையில் ஊற்றும் குளிர்ந்த நீர், சீதளா தேவிக்கு வழிபாடு எல்லாம் உண்டு. குத்திக்கொள்பவர்கள் ஒரு மாதம் மீனும் பாலும் நெய்யும் தொடக்கூடாது. வங்காளி ஒருவர் ஒரு மாதம் மீனை விட்டாரென்றால் அந்த வைத்தியத்தை எவ்வளவு நம்பியிருப்பார்! ஆபத்து இல்லாத முறையல்ல. குத்திக்கொண்டவருக்கு வருவது உண்மையான பெரியம்மை, அது அக்கம்பக்கத்துக்குப் பரவும். ஆனால் தலைமுறைகள் பார்த்துப் பழகிய முறை அது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த புது ஊசிக்கு சாமியும் இல்லை, பத்தியமும் இல்லை, ஏடும் இல்லை. மக்கள் தயங்கியதை அறியாமை என்று நான் எழுத மாட்டேன். தெரிந்த ஒன்றோடு தெரியாத ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஏடுதானே இல்லை, ஏட்டை உண்டாக்கிவிட்டால் போகிறது என்று சிலருக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான். பரேலியிலிருந்து ஒரு சமஸ்கிருதச் சுவடிப் பகுதி கல்கத்தாவுக்கு வந்தது. மாட்டம்மை குத்துவது இந்தியாவுக்குப் பழைய வித்தை என்று அதில் எழுதியிருந்தது. ஷூல்பிரெட்டுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாக இருந்திருக்க வேண்டும். அவருடைய வேலையே ஜனங்களை ஊசிக்குச் சம்மதிக்க வைப்பது. இந்த ஏட்டைத் தூக்கிக் காட்டினால் பண்டிதர்கள் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அவர் அதைப் போலி என்று ஒதுக்கிவிட்டார். தன் கட்சிக்குச் சாதகமான சாட்சியைப் பொய்ச்சாட்சி என்று கண்டு தள்ளிய அந்த மனிதர் மேல் எனக்கு இந்த வாரம் முழுக்க ஒரு மரியாதை.

சென்னையில் நடந்தது வேறு. 1819 ஜனவரி 12 அன்று 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியானது. கையெழுத்து: கல்வி விரும்பன். ஆங்கில எழுத்துகளில் அச்சான தமிழ்ப் புனைபெயர். சாக்தேய கிரந்தம் என்ற பழைய நூலில் தன்வந்திரியே மாட்டம்மை குத்தும் முறையைச் சொல்லியிருப்பதாக அந்தக் கடிதம் சொன்னது. அதில் சொல்லப்படும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பசுவின் மடியில் எழுந்த கொப்புளத்திலிருந்தோ, மனிதரின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே எழுந்த கொப்புளத்திலிருந்தோ நீரைக் கத்திமுனையில் எடுத்து, இன்னொருவரின் கையில் அதே இடத்தில் ரத்தம் கசியும்படி கீறி, அந்த ரத்தத்தில் கலக்கவேண்டும். பசு இல்லாவிட்டால் மனிதக் கை, கை விட்டுக் கை. கப்பலில் சிறுவர்களை வைத்துக் கம்பெனிக்காரர்கள் செய்தது இதுதான். பழைய முனிவர் சொன்ன வைத்தியம் 1802-இல் கம்பெனி மருத்துவர் செய்ததைப் போலவே இம்மி பிசகாமல் இருக்கிறது!

கல்வி விரும்பன் யார்? ஆய்வாளர்கள் கைகாட்டுவது நமக்கெல்லாம் வேண்டிய ஒருவரை. பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழில் எல்லீசன் என்று தன்னை எழுதிக்கொண்டவர். சென்னையின் கலெக்டர். குறளுக்கு உரை எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்தவர். திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு அடித்தவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1816-இல் நிறுவிக் காட்டியவர். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல மாட்டம்மையின் கதை ஒன்றைத் தமிழில் அவர் எழுதியிருக்கிறார். அம்மை அம்மனின் விளையாட்டு என்றால், அதைத் தணிக்கும் மருந்தும் அம்மன் பசுவின் வழியாகக் கொடுத்த அருள் என்பது அதன் சாரம். பழைய காகிதத்தில் செய்யுளாக எழுதி, எங்கோ கிடைத்ததாகச் சொல்லிவிட்டால் பிராமணர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதே அவருடைய நோக்கம் என்று அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. கடிதம் வெளியான இரண்டே மாதத்தில், மார்ச் 1819-இல், இராமநாதபுரத்தில் எல்லிஸ் இறந்துபோனார். அவருடைய கைப்பிரதிகளில் பெரும்பகுதி அடுப்பெரிக்கப் போயிற்று என்று சொல்வார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எல்லிஸ் போய்விட்டார். கடிதம் போகவில்லை. அதே ஆண்டு லண்டனின் 'ஏசியாட்டிக் ஜர்னல்' அதை எடுத்துப் போட்டது. சில ஆண்டுகளில் பாரிஸில் மருத்துவக் கலைக்களஞ்சியத்தில் ஏறிவிட்டது. எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1905 பிப்ரவரியில், நம் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் திறப்பு விழா. அம்மைப்பால் தயாரிப்பதற்காகவே எழுந்த நிலையம். மேடையில் சென்னை கவர்னர் ஆம்ப்டில் பிரபு. தடுப்பூசியை இந்தியா ஆதியிலேயே அறிந்திருக்கக்கூடும் என்று கர்னல் கிங் தன்னிடம் உறுதியாகச் சொல்வதாகவும், தன்வந்திரியின் எழுத்தே சான்று என்றும் அவர் பேசினார். சென்னையில் விதைத்த பொய், லண்டனையும் பாரிஸையும் சுற்றி, சென்னைக்கே சான்றோடு திரும்பி வந்துவிட்டது. டொமினிக் வுயாஸ்டிக் என்ற ஆய்வாளர் 1987-இல் இந்தக் கதையை நூல் நூலாகப் பின்னோக்கித் துரத்திக்கொண்டே போனார். எல்லா மேற்கோளும் இன்னொரு மேற்கோளில் போய் முடிந்தன. மூலநூல் எங்கும் இல்லை.

அந்தக் கதை இன்றும் நடமாடுகிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. அனுப்பிய பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

"பெரியப்பா, இந்த சாக்தேய கிரந்தம் எங்க இருக்கு? யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?"

"வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டு எழுதியிருக்கான்டா. கவர்னரே மேடையில பேசியிருக்காரு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

பெரியப்பா தடுப்பூசிக்கு எதிரி அல்ல. கொரோனா ஊசியைத் தெருவிலேயே முதல் ஆளாகப் போட்டுக்கொண்டவர். எனக்கு உறுத்துவது அதுதான். ஊசிக்கு எதிராக வரும் செய்தியை ஆயிரம் கேள்வி கேட்கிறோம். ஊசிக்கு ஆதரவாக வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். நல்லதற்காகச் சொன்ன பொய் என்றைக்காவது வெளியே வரும். அன்றைக்கு, "பார்த்தாயா, அப்போதே பொய் சொல்லித்தான் குத்தினார்கள்" என்று சொல்ல வதந்திக்காரருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும். எல்லிஸை நான் நேசிக்கிறேன். ஆனாலும் அந்தக் கடிதத்தை அவர் எழுதியிருக்கக்கூடாது.

இனி கல்கத்தாவுக்குத் திரும்புவோம். அதே ஊரில் ஷூல்பிரெட்டின் அறிக்கைக்குத் தொண்ணூறு ஆண்டு கழித்து ஒருவர் வேறு வழியில் நம்பிக்கை தேடினார். வால்டெமர் ஹாஃப்கின், ஒடெசாவில் பிறந்த யூதர். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் வாந்திபேதிக்கு, அதாவது காலராவுக்கு, ஊசி கண்டுபிடித்து, 1892 ஜூலை 18 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டவர். அவருக்கு முன்பே, 1885-இல், ஃபெர்ரான் என்பவர் ஸ்பெயினில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு காலரா ஊசி போட்டிருந்தார். செய்முறையை மறைத்தார், கணக்கும் தெளிவாக இல்லை. உலகம் நம்பவில்லை. ஹாஃப்கின் அதைப் பார்த்துப் பாடம் படித்தவர்.

1894 மார்ச்சில் கல்கத்தா சுகாதார அதிகாரி சிம்ப்சன் அவரை அழைத்தார். கட்டல் பகான் என்ற குடிசைப்பகுதியில் வாந்திபேதி கண்டிருந்தது. எல்லாரும் ஒரே குளத்து நீரைப் புழங்கியவர்கள். சுமார் 200 பேர் வசித்த அந்தப் பகுதியில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஹாஃப்கினோடு சௌத்ரி, கோஷ், சாட்டர்ஜி, தத் என்று நான்கு இந்திய மருத்துவர்கள் நின்றார்கள். முதலில் எதிர்ப்பு இருந்ததாகவும், ஜனங்கள் கண்ணெதிரே அவர் தன் உடம்பில் குத்திக்காட்டிய பிறகே மற்றவர்கள் முன்வந்ததாகவும் கூறுவார்கள். அதன் பிறகு அங்கே பத்துப் பேருக்குப் பேதி கண்டு, ஏழு பேர் இறந்தார்கள். பத்துப் பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

தன் உடம்பில் குத்திக்காட்டிய காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் நடந்த எண்ணிக்கை. ஒரே குடியிருப்பு, ஒரே தண்ணீர், பாதிப் பேருக்கு ஊசி உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று யார் வேண்டுமானாலும் போய் எண்ணிப் பார்க்கலாம். காட்சி எந்தப் பக்கமும் சாயும். அது நமக்கே தெரியும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று மக்களுக்குத் தைரியம் சொல்லவே அரசு மருத்துவமனையில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மரணம். தமிழ்நாடே கலங்கிவிட்டது. ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை, நேரம் ஒன்றிப்போனது என்று ஊசிக்குப் பின் வரும் பாதகங்களை ஆராயும் மத்தியக் குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகியிருந்தது. ஆறு மாதம் வதந்திக்கு வாய் திறந்தே இருந்தது. அந்த அறிக்கை ஆறு வாரத்தில் வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஹாஃப்கின் எண்ணிய அதே ஊரில் 2006-இல் மறுபடியும் எண்ணினார்கள். கொல்கத்தாவின் காலரா ஆய்வு நிறுவனம், குடிசைப்பகுதிகளில், வாயில் ஊற்றும் காலரா மருந்து. சுமார் 67,000 பேர் இரண்டு தவணை எடுத்தார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, கொல்லப்பட்ட ஈ.கோலை பாக்டீரியா. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டு முடிவில் 67 சதவீதப் பாதுகாப்பு, ஐந்து ஆண்டிலும் 65. நூறு சதவீதம் என்று அவர்கள் சொல்லவில்லை. அதனாலேயே அந்த எண்ணை நம்புகிறேன். இந்த ஆய்வைப் பற்றி இன்னும் எழுத ஆசை. பக்கம் தீர்ந்துவிட்டது. ஹாஃப்கின் பெயரைக் கெடுத்த மல்கோவால் கதையும் பாக்கி இருக்கிறது. 1902-இல் பஞ்சாபில் அவருடைய பிளேக் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தார்கள். அந்தப் பழி நீங்க ஐந்து ஆண்டு ஆயிற்று.

அடுத்த வாரம் கஸ்பாதான். 2021 ஜூன் 22 அன்று யாதவ்பூர் நாடாளுமன்ற உறுப்பினர் மிமி சக்கரவர்த்தி அங்கே நடந்த முகாமில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். நடத்தியவர் தன்னை ஐ.ஏ.எஸ். அதிகாரி, மாநகராட்சி இணை ஆணையர் என்று சொல்லிக்கொண்டவர். அப்போது ஊசி போட்டவர்களின் கைப்பேசிக்கு உடனே குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. மிமிக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு வந்ததா என்று விசாரித்தார். யாருக்குமே வரவில்லை. போலீசுக்குச் சொன்னார். மறுநாள் அந்த 'அதிகாரி' கைதானார். குப்பிகளில் ஒட்டியிருந்த கோவிஷீல்டு லேபிளை உரித்தபோது அடியில் இன்னொரு லேபிள் இருந்தது: அமிகாசின், பாக்டீரியாத் தொற்றுக்குப் போடும் மருந்து.

(தொடரும்)