கழுத்தளவு மண்ணில் ஒரு மதுச்சாடி

கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் மாநிலம் அல்ல; காக்கசஸ் மலைகளுக்குத் தெற்கே இருக்கும் சின்ன நாடு. நம் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கப் போகும் நாடுகளின் பட்டியலில் சில வருடங்களாக அதுவும் சேர்ந்திருக்கிறது. பார்க்க வந்த பெற்றோரை மகள் சிக்னாகி என்கிற மலையூருக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே தடுக்கி விழுந்தால் ஒயின் ருசி பார்க்கும் இடம்தான். தலைமையாசிரியர் எழுதுகிறார்: “வெள்ளை ஒயின் என்று சொல்லித்தான் ஊற்றினார்கள். பால் சேர்க்காத டீயின் நிறத்தில் இருந்தது. ஒரு வாய் குடித்ததும் நாக்கு அப்படியே இழுத்துப் பிடித்துக்கொண்டது. கெட்டுப்போன சரக்கா, வெளியூர்க்காரன் என்று ஏமாற்றினார்களா, இல்லை அதன் ருசியே அதுதானா?”

அதன் ருசியே அதுதான் ஐயா. உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் குடித்தது க்வெவ்ரி ஒயின். அதற்குக் காரணமான பொருள் அந்தக் கடையிலேயே, அநேகமாக உங்கள் காலடியிலேயே இருந்திருக்கும்.

திராட்சைச் சாறு புளித்து மதுவாகும் கதை உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போகிறேன். ஐரோப்பாவில் வழக்கமாக வெள்ளை ஒயின் செய்பவர்கள் பழத்தைப் பிழிந்ததும் தோலையும் கொட்டையையும் தள்ளிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க வைப்பார்கள். அதனால் அது வெளிறிய நிறத்தில், லேசாக இருக்கும். சிவப்பு ஒயினுக்கு மட்டும்தான் தோலோடு ஊறல். ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியான காக்கேத்தியில் இந்தப் பாகுபாடு கிடையாது. பச்சைத் திராட்சையையும் மிதித்து, தோல், கொட்டை, நன்கு முற்றியிருந்தால் காம்பு உட்பட எல்லாவற்றையும் சாற்றோடு மண்ணில் புதைத்த சாடிக்குள் போடுகிறார்கள். ஐந்தாறு மாதம் அப்படியே கிடக்கும். தோலில் இருக்கும் நிறமும் துவர்ப்பும் மதுவில் இறங்கி, வசந்தத்தில் திறக்கும்போது அம்பர் கல்லின் நிறம் வந்திருக்கும். மேற்கே இமெரெத்திப் பகுதியில் சக்கையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் சேர்ப்பார்கள். அங்கே செய்தது இவ்வளவு துவர்க்காது.

உங்கள் நாக்கை இழுத்துப் பிடித்தவை டானின்கள். தேயிலையில் துவர்ப்பைத் தருவதும் அதே பாலிஃபீனால் குடும்பத்துச் சேர்மங்கள்தான். எச்சிலில் இருக்கும் புரதங்களோடு அவை ஒட்டிக்கொள்கின்றன. வாயின் வழுவழுப்புப் போய் வறண்டாற்போல் ஆகிவிடுகிறது. வெறும் வயிற்றில் தனியாகக் குடித்தால் இது கூடுதலாகத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து சில்லென்று எடுத்து ஊற்றினால் இன்னும் மோசம். பாலாடைக்கட்டி, வால்நட், இறைச்சி என்று கொழுப்புள்ள பண்டத்தோடு சேர்த்தால் அதே துவர்ப்பு இதமாகிவிடும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தட்டில் வைத்தார்களே, அது வெறும் உபசாரம் மட்டும் அல்ல.

சிக்னாகி பற்றிக் கொஞ்சம். தலைநகர் திபிலிசியிலிருந்து கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தில், 800 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது. நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில்தான். 18ஆம் நூற்றாண்டில் அரசர் இரண்டாம் எரெக்லே, தாகெஸ்தான் பக்கத்திலிருந்து வந்த கொள்ளைப் படைகளுக்கு அஞ்சிச் சுற்றிலும் மதில் கட்டினார். 23 காவல் கோபுரங்கள். மதில் மேல் நின்றால் கீழே அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்கு அப்பால் பெரிய காக்கசஸின் பனிச் சிகரங்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசாங்கம் ஊரையே செப்பனிட்டு, வண்ணம் பூசி, எந்த நேரத்திலும் திருமணம் பதிவு செய்யலாம் என்று அறிவித்துச் சுற்றுலா ஊராக்கியது. காதலர் ஊர் என்று பெயர். பேருந்துகள் காலையில் வந்து, ஒரு கூடத்தில் நான்கைந்து கோப்பை ஊற்றி, போட்பே மடத்தையும் காட்டி, மாலையில் திரும்பிவிடுகின்றன.

அந்தக் கூடத்தில் எல்லோரும் கேட்பது திராட்சையின் பெயரும் வருடமும்தான். ர்காத்சித்தெலியா, கீசியா, சப்பேராவியா? சப்பேராவி சுவாரசியமானது, மறுக்கவில்லை. பெரும்பாலான கறுந்திராட்சைகளுக்கு உள்ளே சதை வெளிறி இருக்க, இதற்குச் சதையே சிவப்பு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட திராட்சை இனங்கள் அந்த நாட்டுக்கே உரியவை என்கிறார்கள். கோப்பையைச் சுழற்றுகிறோம், மோந்து பார்க்கிறோம், ஆப்ரிகாட் வாசனை வருகிறது என்று ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் வருகிறது. சாடியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் போயிருந்தபோது ஒரு மரானியில் (ஒயின் அறைக்கு அங்கே அதுதான் பெயர்) தரையில் வட்ட வட்டமாகத் தெரிந்த வாய்களை வடிகால் மூடி என்று நினைத்து ஒரு பெண்மணி அதன் மேல் பயணப்பையை வைத்துவிட்டார். வழிகாட்டி பதறிப்போனார்.

க்வெவ்ரி என்பது சுட்ட மண் சாடி. முட்டை வடிவம், கீழே கூர்முனை, மேலே குறுகிய வாய். கைப்பிடி கிடையாது. சின்னது நூறு லிட்டர் பிடிக்கும். பெரியது மூவாயிரம் லிட்டரையும் தாண்டும், ஆள் உள்ளே நிற்கலாம். கழுத்து வரை மண்ணில் புதைத்துவிட்டால் அதன் பிறகு நகர்த்துவதில்லை. மேல்நாட்டு ஒயின் கடைகளில் இதையும் ‘ஆம்போரா’ என்று எழுதி வைக்கிறார்கள். அது சரியல்ல. அரிக்கமேட்டில் கிடைத்தவை ஆம்போராக்கள். இரண்டு கைப்பிடியோடு, கப்பலில் ஏற்றி மத்தியதரைக் கடலோரத்திலிருந்து நம் கரைவரை மதுவைக் கொண்டுவந்த சாடிகள் அவை. ஆம்போரா பயணம் போகும் பாத்திரம். க்வெவ்ரி இருந்த இடத்தை விட்டு அசையாது.

ஏன் புதைக்கிறார்கள்? நொதிக்கும்போது சூடு கிளம்பும். ஆயிரம் லிட்டர் ஒரே இடத்தில் நொதித்தால் ஈஸ்ட் செத்துப்போகும் அளவுக்குச் சூடாகலாம். எஃகுத் தொட்டிக்காரர்கள் அதற்குக் குளிர்பதன இயந்திரம் வைக்கிறார்கள். இங்கே சுற்றியிருக்கும் மண் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்காலத்தில் வெளியே உறைபனி என்றாலும் உள்ளே வெப்பம் அதிகம் மாறாது. மின்சாரச் செலவு இல்லை. கூர்முனைக்கும் வேலை உண்டு. நொதித்தல் அடங்கியதும் கொட்டைகள் முதலில் இறங்கிக் கூம்பின் அடியில் சேரும்; அவற்றின் மேல் ஈஸ்ட் வண்டலும் தோலும் படிந்து மூடிக்கொள்ளும். அதிகக் கசப்பு கொட்டையில்தான் இருக்கிறது. தட்டை அடி கொண்ட பாத்திரமாக இருந்தால் கொட்டைகள் பரந்து கிடந்து மாதக்கணக்கில் கசப்பை இறக்கியிருக்கும். கூம்பில் அவை ஒரு மூலையில் ஒடுங்கிவிடுவதால் மதுவோடு அவற்றுக்கு உறவு குறைவு.

சாடிக்கு உள்பக்கம் தேன்மெழுகு பூசுகிறார்கள். சூளையிலிருந்து எடுத்து, சாடி இன்னும் சூடாக இருக்கும்போதே தடவினால் மெழுகு உருகி மண்ணின் துளைகளுக்குள் இறங்கும். இது மெருகு பூச்சு போலத் துளைகளை முழுக்க அடைக்காது. கசிவைக் குறைக்கும், உட்சுவரைக் கழுவத் தோதாக்கும். கழுவுவது என்று எழுதியதும் எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

காக்கேத்தியில் எந்த ஒயின்காரரைக் கேட்டாலும், ஒயின் செய்வது சுலபம், சாடியைக் கழுவுவதுதான் தொழில் என்பார். பழமையான முறையில் செய்பவர்கள் வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் மரானியிலும் இருப்பதே போதும். வேறு எதுவும் சேர்க்காததால், போன வருடத்து அழுக்கு ஒரு விரல்கடை மிச்சமிருந்தாலும் காடிக் கிருமிகள் புகுந்து ஆயிரம் லிட்டரும் புளித்த காடியாகிவிடும். சாடியோ மண்ணுக்குள் இருக்கிறது. கவிழ்க்க முடியாது, வெயிலில் காயவைக்க முடியாது. குறுகிய வாய் வழியாகத்தான் எல்லாம் நடக்கவேண்டும். அதற்கென்று ஒரு கருவி. செர்ரி மரப்பட்டையை வட்ட வட்டமாக வெட்டி, அடுக்கடுக்காகக் கோத்து, நீண்ட கழியின் நுனியில் கட்டுகிறார்கள், பெயர் சார்ட்ஸ்கி. பட்டைக்கு அழுக்கைச் சுரண்டும் அளவுக்கு விறைப்பும், மெழுகைக் கீறாத அளவுக்கு நெகிழ்வும் இருக்கிறது. ஒரு காட்டுச் செடியைக் கட்டாகக் கட்டித் துடைப்பம் செய்தும் தேய்ப்பதுண்டு. சுண்ணாம்பு நீர் அல்லது சாம்பல் நீர் ஊற்றித் தேய்த்து, இறைத்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி, மறுபடி இறைத்து, கடைசியில் இறைக்கும் தண்ணீரைக் குடிக்கலாம் என்று தோன்றும் வரை விடுவதில்லை. பிறகு உள்ளே கந்தகத்தைக் கொளுத்திப் புகை போட்டு மூடுவார்கள்.

பெரிய சாடி என்றால் ஆளே இறங்கவேண்டும். சிறு வயதில் எங்கள் தெருக் கிணற்றில் தூர் வாரப் பார்த்திருக்கிறேன். மனிதர் இறங்குமுன் கயிற்றில் அரிக்கேன் விளக்கை இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. க்வெவ்ரிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் நாற்பது லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும், வாசனையும் கிடையாது. திராட்சை அறுவடைப் பருவத்தில் மரானியில் கதவைத் திறந்தே வைத்திருப்பது காட்சிக்காக அல்ல.

எட்டாயிரம் வருடப் பாரம்பரியம் என்று சிக்னாகியில் ஒவ்வொரு கடைப் பலகையிலும் எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பாதி சரி. 2017இல் வெளியான ஆய்வு, தெற்கு ஜார்ஜியாவில் கதாச்ச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சைக்கு அடையாளமான டார்டாரிக் அமிலத்தைக் கண்டது. காலம் கி.மு. 6000 முதல் 5800 வரை. அதற்கு முன் மிகப் பழையது என்று கருதப்பட்ட ஈரான் சான்றைவிட 600 வருடமாவது முந்தியது. ஆனால் அந்தக் கற்காலப் பானைகள் தட்டையான அடி கொண்டவை. கூர்முனையோடு புதைக்கும் பெருஞ்சாடி அவற்றுக்குப் பின்னால் வந்தது. ஒயினுக்கு எட்டாயிரம் வயது. க்வெவ்ரிக்கு அவ்வளவு இல்லை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது, எதற்கு மிகைப்படுத்தவேண்டும்?

பழமை தானாகவே பிழைத்து வந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோவியத் காலத்தில் அரசுத் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்டது அளவுதான். அதிகம் காய்க்கும் இரண்டொரு திராட்சை, பெரிய தொட்டி, ரஷ்யச் சந்தை. 1985இல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கத்தில் தோட்டங்கள் பிடுங்கி எறியப்பட்டன. வீட்டுக் கொல்லையில் சொந்தத் தேவைக்கு இரண்டு சாடி புதைத்து வைத்திருந்த குடியானவர்கள்தான் இந்த முறையைக் காப்பாற்றினார்கள். 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. 2013 வரை நீடித்தது. அந்த அடி ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. மலிவுச் சரக்குக்குச் சந்தை போனதும், வேறெங்கும் இல்லாத பொருள் தங்களிடம் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். இத்தாலியில் ஒயின் செய்யும் யோஷ்கோ க்ராவ்னர் 2001இலேயே இந்தச் சாடிகளை வரவழைத்துத் தன் தோட்டத்தில் புதைத்துவிட்டிருந்தார். சிக்னாகியில் குடியேறிய அமெரிக்க ஓவியர் ஜான் வுர்ட்மன், உள்ளூர் விவசாயி கேலா பதாலிஷ்விலியோடு சேர்ந்து 2007இல் தொடங்கிய ‘ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்’ என்ற ஒயின் நிறுவனம் ஊரின் பெயரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது. 2013இல் யுனெஸ்கோ க்வெவ்ரி முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்த்தாயிற்று, சாடி செய்ய ஆள்? சக்கரத்தில் சுற்றி இதைச் செய்ய முடியாது. கூர்முனையில் தொடங்கி, மண் திரியைச் சுற்றிச் சுற்றி, ஒரு சாண் அளவு ஏற்றி, காயவிட்டு, அடுத்த சுற்று. அவசரப்பட்டால் மேல்பாரத்தில் கீழ்ச்சுவர் பிதுங்கிவிடும். பெரிய சாடி எழும்ப மாதக்கணக்காகும். பிறகு சூளை வாயைச் செங்கல்லால் அடைத்துச் சுமார் ஒரு வாரம் விறகு எரிக்கவேண்டும். ஒரு விரிசல் விழுந்தால் அத்தனையும் வீண். இந்த வேலை தெரிந்த குடும்பங்கள் நாடு முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். காக்கேத்தியில் வர்திசுபானி, இமெரெத்தியில் மகாதுபானி போன்ற சில கிராமங்கள். ஒயின் போத்தலில் தோட்டத்தின் பெயர், திராட்சையின் பெயர், செய்தவர் பெயர் எல்லாம் இருக்கிறது. சாடி வனைந்தவர் பெயரை நான் பார்த்ததில்லை. பதிலுக்கு, க்வெவ்ரி வடிவத்தில் சின்ன மண் போத்தலில் தொட்டி ஒயினை அடைத்து நினைவுப் பொருளாக விற்கிறார்கள். உள்ளே இருப்பதன் நிறம்கூடத் தெரியாது. அதை வாங்கிவராதீர்கள்.

மகளின் படிப்பு முடிய இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை செப்டம்பர் கடைசி, அக்டோபரில் போங்கள். அறுவடைக் காலம், சாடிகள் நொதித்துக்கொண்டிருக்கும் சத்தத்தையே கேட்கலாம். சிக்னாகியோடு திரும்பாமல் தெலாவி நகரம் வரை போனால் பக்கத்தில்தான் வர்திசுபானி. வனையும் கொட்டிலில் ஆள் உயரச் சாடிகள் பாதி பாதியாக நிற்பதைப் பார்க்கலாம். ஜார்ஜியா அல்லவா, அங்கேயும் ஒரு கோப்பையை நீட்டாமல் விடமாட்டார்கள். நிறமில்லாமல் தண்ணீர்போல் இருந்தால் அது ஒயின் அல்ல. பிழிந்த சக்கையை வடித்தெடுத்த ச்சாச்சா, சாராயத்துக்குச் சளைத்தது இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள், உதட்டில் வைத்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.