இடுப்பு வலி: ஸ்கேனுக்குக் கடன் கேட்கும் முன்



குழுக் கூட்டங்களில் நாங்கள் அதிகம் கேட்பது கடன் பேச்சு. அடுத்தது இடுப்பு வலி. நாற்று நட்டு, களை எடுத்து, தண்ணிக் குடம் தூக்கி வந்த வலி வருஷக்கணக்கா போக மாட்டேங்குது என்கிறீர்கள். ஒரு குழுவில் ஒரு அக்கா உள்கடன் வாங்கி முதுகுக்கு ஸ்கேன் எடுத்தார். 'ஜவ்வு பிதுங்கியிருக்கு' என்று ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து பயந்துபோய்ப் படுத்தவர்தான். வேலைக்கும் போகவில்லை, மூன்று மாதத் தவணையும் நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள். முள் குத்தினால் வலிப்பது நல்லதுக்கு, காலை எடுக்கச் சொல்கிறது. முதுகில் தசைப் பிடிப்பு, சுளுக்கு எல்லாம் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறின பிறகும் ஏன் வலிக்குது?

வீட்டு நாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை திருடன் வந்துபோன பிறகு, சருகு விழுந்தாலும் குரைக்கும். அதுபோல, வலிச் செய்தி விடாமல் வந்துகொண்டிருந்தால் தண்டுவட நரம்புகள் உஷாராகிவிடுகின்றன. சும்மா குனிந்தாலும் மூளைக்கு 'ஆபத்து' என்று சொல்கின்றன. 1983-ல் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்ற விஞ்ஞானி எலிகளிடம் செய்த ஆய்வில் இதைக் காட்டினார். தூக்கமில்லாததும் மனக்கவலையும் இந்தக் குரைப்பைக் கூட்டும். அதற்காக வலி பொய் இல்லை. 'வேலைக்குப் பயந்து நடிக்கிறா' என்று வீட்டில் சொன்னால் அது தப்பு. திருடன் இல்லாவிட்டாலும் நாய் குரைப்பது நிஜம்தானே!

ஸ்கேன் விஷயத்துக்கு வருவோம். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 100-க்கு 30 பேருக்கும், 80 வயதில் 84 பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பது மாதிரிதான். ஆகவே ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை இருப்பதாலேயே முதுகு உடைந்துபோச்சு என்று அர்த்தமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப் பற்றிப் புரியவைப்பது, உடற்பயிற்சி இரண்டையும் அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுப்பதும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. (பெல்ட் வாங்கிப் பரண்மேல் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!) மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நாள் தவறாமல் போட்டால் வயிற்றில் புண் வரலாம், கிட்னியும் கெடலாம்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. வலி குறைந்த நாளில் துணி, மாவாட்டு, வயல் வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்போம். மறுநாள் எழுந்திருக்க முடியாது. அப்படிச் செய்யாமல், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் தினமும் ஒரே அளவு நடங்கள். 10 நிமிஷத்தில் தொடங்கி, வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். முதலில் லேசாக வலிக்கும், பயப்பட வேண்டாம். அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் பயிற்சி கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் பலமிழந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த அடி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. அப்போது டாக்டர் ஸ்கேன் எழுதினால் அவசியம் எடுங்கள்.

அந்த அக்காவுக்குக் குழு தவணையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. இப்போது மாரியம்மன் கோயில் வரை நடந்து வருகிறார். வலி முழுசா போகலை. போன வாரம் நூறு நாள் வேலைக்கு வந்திருந்தார்.